நியூஜெர்சியிலிருந்து டெக்சாஸ் வந்து 14 மாதம்: சாப்டர் 7 போட்டால் எந்த மாநிலச் சட்டம் பொருந்தும்?

வினோ_பிரிஸ்கோ (கேள்வி)

வணக்கம். தங்கை குடும்பம் சாப்டர் 7 (சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் திவால் மனு) போடலாமா என்று கேட்கிறேன். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒன்பது வருடம் நியூஜெர்சி எடிசனில் இருந்தார்கள். அங்கே வீட்டை விற்றுவிட்டு டெக்சாஸில் பிரிஸ்கோவுக்கு வந்து 14 மாதம் ஆகிறது. விற்ற பணத்தை இங்கே வாங்கிய வீட்டில் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஜூனில் வேலை போனது, மூன்று மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது குறைந்த சம்பளத்தில் கான்ட்ராக்ட் வேலை. எச்1பி விசா.

கடன்: கார்டுகளில் 95,000 டாலர், பர்சனல் லோன் 30,000. இருவர் பெயரிலும் கலந்து இருக்கிறது.

சொத்து: வீடு 5,20,000 போகும், மார்ட்கேஜ் பாக்கி 3,90,000. ஒரு காருக்கு லோன் ஓடுகிறது, விற்றாலும் கையில் ஒன்றும் நிற்காது. இன்னொன்று கடன் இல்லாதது, 11,000 போகும். நகை 20 பவுன், விற்றால் 18,000 வரும் என்றார்கள். பேங்கில் 4,000. 401கே (ஓய்வுகாலச் சேமிப்பு) தனி. கோவையில் மாப்பிள்ளை பெயரில் ஒரு சைட், 22 லட்சம் ரூபாய், அதாவது சுமார் 25,000 டாலர். மார்ச்சில் அவர் அப்பாவிடம் வாங்கியிருந்த 18,000 டாலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

டெக்சாஸில் வீட்டைத் தொட முடியாது என்கிறார்களே, உண்மையா? மொத்தம் எவ்வளவு செலவாகும்? எந்த மாநிலத்தில் கட்டணம் குறைவு? கிரீன் கார்டு இல்லாதவர்கள் போடலாமா? ஊர் சைட்டைச் சொல்லியே ஆக வேண்டுமா?

டல்லாஸ்_தம்பி

டெக்சாஸில் 91 நாள் இருந்தாலே போதும் அண்ணா. அதற்கப்புறம் வீடு, கார் எதையும் தொட மாட்டார்கள். தைரியமாகப் போடச் சொல்லுங்கள்.

கோர்ட்பக்கம்

தம்பி சொன்ன 91 நாள் சரிதான், ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். மனுவை எந்தக் கோர்ட்டில் போடுவது என்பதற்கு, கடந்த 180 நாளில் அதிக நாள் எங்கே இருந்தீர்கள் என்று பார்ப்பார்கள். 91 நாள் அங்கிருந்து வருவது. அந்தக் கணக்கில் இவர்கள் டெக்சாஸ்தான். பிரிஸ்கோ என்றால் ஈஸ்டர்ன் டிஸ்ட்ரிக்ட், கோர்ட் பிளேனோவில்.

எந்த மாநிலத்தின் எக்செம்ப்ஷன் (கடன்காரர் தொட முடியாத சொத்துக்கான சலுகை) கிடைக்கும் என்பது தனிக் கணக்கு. திவால் சட்டப் பிரிவு 522-படி, மனு போடும் தேதிக்கு முந்தைய 730 நாளும் ஒரே மாநிலத்தில் டொமிசைல் (நிரந்தர வசிப்பிடம்) இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த 730 நாளுக்கும் முந்தைய 180 நாளில் அதிகமாக எங்கே இருந்தீர்களோ அந்த மாநிலச் சட்டம்தான் பொருந்தும். 14 மாதம் என்பது கிட்டத்தட்ட 425 நாள். எனவே இன்று போட்டால் டெக்சாஸ் கோர்ட்டில் உட்கார்ந்து நியூஜெர்சி சட்டத்தைப் படிப்பார்கள்.

நியூஜெர்சியில் சொந்த வீட்டுக்கென்று மாநில எக்செம்ப்ஷனே கிடையாது. பொருட்களுக்கும் பெயருக்கு ஏதோ இருக்கிறது. ஆனால் மாநிலப் பட்டியலோ பெடரல் பட்டியலோ, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த மாநிலம் அனுமதிக்கிறது, அதனால் அங்கே பெரும்பாலோர் பெடரலுக்குத்தான் போவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து போட்டால் இருவரும் ஒரே பட்டியலைத்தான் எடுக்க வேண்டும். அவர் மாநிலம், இவர் பெடரல் என்று பிரிக்க முடியாது.

2025 ஏப்ரல் 1 முதல் பெடரல் தொகைகள், ஆள் ஒன்றுக்கு: குடியிருக்கும் வீட்டில் 31,575 டாலர் ஈக்விட்டி (வீட்டு மதிப்பில் மார்ட்கேஜ் போக மிச்சம்), ஒரு வாகனத்தில் 5,025, நகையில் 2,125, வீட்டுச் சாமான் மொத்தம் 16,850 (ஒரு பொருளுக்கு 800-க்குள்). ஒயில்ட்கார்டு என்று எதன் மேலும் வைத்துக்கொள்ளக்கூடிய 1,675 உண்டு. வீட்டுக்கான தொகையை முழுதாகப் பயன்படுத்தாவிட்டால், மிச்சத்தில் 15,800 வரை இந்த ஒயில்ட்கார்டோடு சேரும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இது பெரிய வரம். இவர்கள் வீட்டுக்கே முழுத் தொகையும் போய்விடுவதால் 1,675 மட்டும்தான் மிஞ்சும். அடுத்த திருத்தம் 2028 ஏப்ரலில்.

டெக்சாஸ் பட்டியல் முற்றிலும் வேறு. வீட்டுக்கு மதிப்பு வரம்பு இல்லை. நகரத்தில் 10 ஏக்கர், கிராமப்புறத்தில் குடும்பத்துக்கு 200 ஏக்கர் என்று நில அளவில்தான் வரம்பு. அசையும் சொத்துக்குக் குடும்பத்துக்கு மொத்தம் 1,00,000, தனி ஆளுக்கு 50,000. அந்த மொத்தத்துக்குள் லைசென்ஸ் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வாகனம் வரும். நகை அந்த மொத்தத்தில் கால்வாசி வரை, அதாவது குடும்பத்துக்கு 25,000. ஆனால் பேங்கில் கிடக்கும் ரொக்கத்துக்கு டெக்சாஸில் இடமே இல்லை, ஒயில்ட்கார்டும் இல்லை. வீட்டைத் தொட முடியாது என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

730 நாள் தாண்டிவிட்டாலும் இன்னொரு தடுப்பு இருக்கிறது. மனுவுக்கு முந்தைய 1,215 நாளுக்குள் வாங்கிய வீடு என்றால் 2,14,000 டாலருக்கு மேல் உள்ள ஈக்விட்டிக்கு மாநிலப் பாதுகாப்பு கிடையாது. பழைய வீட்டை விற்ற பணத்தைப் புது வீட்டுக்குக் கொண்டுவந்தால் விலக்கு உண்டு, ஆனால் இரண்டும் ஒரே மாநிலத்தில் இருக்க வேண்டும். எடிசன் வீட்டுப் பணத்துக்கு அது பொருந்தாது. இவர்கள் ஈக்விட்டி 1,30,000 என்பதால் இந்த வரம்பு இப்போதைக்கு இடிக்காது.

எச்1பி பற்றி: அமெரிக்காவில் வசிப்பிடமோ, டொமிசைலோ, தொழில் இடமோ, சொத்தோ இருந்தால் மனு போடலாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ சட்டம் கேட்கவில்லை. ஆனால் எக்செம்ப்ஷனுக்கு டொமிசைல் வேண்டும், அதற்கு இங்கேயே இருக்கும் எண்ணம் தெரிய வேண்டும். தற்காலிக விசா என்று ட்ரஸ்டி (சொத்தை எடுத்துக் கடன்காரர்களுக்குப் பிரிப்பவர்) கேள்வி எழுப்பினால் காட்டுவதற்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு), டெக்சாஸ் டிரைவர் லைசென்ஸ், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு எல்லாம் கையில் இருக்கட்டும்.

எடிசன்_மீனா

ஊர்ச் சொத்து பற்றி நான் சொல்கிறேன். இதில்தான் நம் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள்.

சொத்து எங்கே இருந்தாலும், யார் கையில் இருந்தாலும் எஸ்டேட்டில் (ட்ரஸ்டி பொறுப்புக்குப் போகும் சொத்துத் தொகுப்பில்) சேரும் என்பது சட்டத்தின் முதல் வரி. கோவை சைட், என்ஆர்இ டெபாசிட், எல்ஐசி பாலிசி, பிபிஎஃப், ஊர் லாக்கரில் இருக்கும் நகை, ஓடிக்கொண்டிருக்கும் சீட்டில் கட்டிய பணம், எல்லாமே மனுவோடு கொடுக்கும் சொத்துப் பட்டியலான ஷெட்யூல் ஏ/பி-யில் வர வேண்டும். "இங்கே உட்கார்ந்துகொண்டு கோவை சைட்டை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்" என்று கேட்காதீர்கள். ட்ரஸ்டிக்கு வரி ரிட்டர்ன் போகிறது. அதில் ஷெட்யூல் பி-யின் கடைசிப் பகுதியில் வெளிநாட்டுக் கணக்கு இருக்கிறதா என்று ஒரு கேள்வி. 341 மீட்டிங்கில் (மனு போட்ட பின் ட்ரஸ்டி கேள்வி கேட்கும் கூட்டம்) சத்தியம் செய்த பிறகு வெளிநாட்டுச் சொத்து உண்டா என்று நேராகவும் கேட்பார்கள். மறைத்தால் டிஸ்சார்ஜ் (கடன் தீர்ந்தது என்ற கோர்ட் உத்தரவு) மொத்தமும் போகும், கிரிமினல் வழக்கில் 5 ஆண்டு வரை சிறை. விசாவில் இருப்பவருக்கு பேங்க்ரப்ட்சி என்பது ஒரு குற்றமில்லை. அதில் பொய் சொன்னால்தான் இமிக்ரேஷனில் ஆபத்து.

சொல்வதில் ஒரு லாபமும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பட்டியலில் காட்டிய சொத்தை ட்ரஸ்டி விற்காமல் கேஸை மூடினால் அது தானாகவே உங்களுக்குத் திரும்பிவிடும். காட்டாத சொத்து கேஸ் மூடின பிறகும் எஸ்டேட்டின் சொத்தாகவே நிற்கும். பத்து வருடம் கழித்துத் தெரியவந்தாலும் கேஸைத் திறக்கலாம். பிளேனோவிலிருந்து ஒரு ட்ரஸ்டி கோவையில் சைட் விற்பது லேசுப்பட்ட காரியமில்லை: வில்லங்கச் சான்று, பவர் பத்திரம், வரி பிடித்தம், பணத்தை வெளியே எடுக்க ஆர்பிஐ விதிகள். அதனால் பெரும்பாலும் சைட்டின் மதிப்பில் பேரம் பேசி, அந்தத் தொகையைத் தவணையாகக் கட்டச் சொல்வார்கள். தொகை சின்னது, செலவு பெரிது என்றால் கைவிட்டும் விடுவார்கள். அது அவர்கள் எடுக்கும் முடிவு.

தங்கை பக்கமும் பாருங்கள். பூர்வீகச் சொத்து பாகம் பிரிக்காமல் இருக்கிறதா? தமிழ்நாட்டில் 1989 திருத்தத்திலேயே அப்போது கல்யாணமாகாத பெண்களுக்குப் பங்கு வந்துவிட்டது, 2005 மத்தியத் திருத்தத்துக்குப் பிறகு கல்யாணமானவர்களுக்கும். எனவே "அண்ணன் அனுபவிக்கிறார், எனக்கு ஒன்றுமில்லை" என்று விடக்கூடாது. பிரிக்காத பங்கு என்று எழுதி, மதிப்பு போட வேண்டும். அப்பா சுயமாகச் சம்பாதித்தது, அவர் உயிரோடு இருக்கிறார் என்றால் அது பங்கு ஆகாது. ஆனால் மனு போட்ட 180 நாளுக்குள் பரம்பரையாக ஏதாவது வந்தால் அதுவும் எஸ்டேட்டுக்குள் வந்துவிடும்.

401கே பாதுகாப்பானது. 1992-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அது எஸ்டேட்டுக்குள்ளேயே வராது. தயவுசெய்து அதை உடைத்துக் கார்டு கடன் கட்டாதீர்கள். ஆனால் ஊர் இபிஎஃப், பிபிஎஃப் இரண்டையும் அதே மாதிரி நினைக்கக் கூடாது. பெடரல் பாதுகாப்பு அமெரிக்க வரிச் சட்டத்தின் குறிப்பிட்ட பிரிவுகளுக்குள் வரும் கணக்குகளுக்குத்தான். பிள்ளைகளுக்கு 529 (கல்விச் சேமிப்புக் கணக்கு) போட்டிருந்தால் போட்ட தேதி முக்கியம்: 720 நாளுக்கு முன் போட்டது எஸ்டேட்டுக்கு வெளியே நிற்கும், 365 முதல் 720 நாளுக்குள் போட்டதில் ஒரு பிள்ளைக்கு 8,575 வரை, கடைசி ஒரு வருடத்தில் போட்டது முழுதும் எஸ்டேட்டுக்குள்ளே.

என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் சேர்த்து வருடத்தில் எப்போதாவது 10,000 டாலர் தாண்டியும் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை) போடாமல் இருந்தால், மனுவுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

கோர்ட்பக்கம்

மீனா மேடம் சொன்னதோடு அப்பாவுக்கு அனுப்பிய 18,000-ஐயும் சேர்க்க வேண்டும். அப்பா இன்சைடர், அதாவது நெருங்கிய உறவினர். மனுவுக்கு முந்தைய ஒரு வருடத்தில் இன்சைடருக்குக் கட்டிய கடனை ட்ரஸ்டி திரும்பக் கேட்கலாம். வெளியாருக்கு இது 90 நாள். உண்மையான கடன்தானா என்று பேங்க் ஆதாரம் கேட்பார்கள். கடன் என்று காட்ட முடியாவிட்டால் சும்மா கொடுத்த பணம் என்று ஆகி, இரண்டு வருடம், டெக்சாஸ் சட்டம் வழியாக நான்கு வருடம் வரைகூடப் பின்னால் போவார்கள். அதனால் அப்பா முதலில் பணம் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். அவரிடமிருந்து அவசரமாகத் திருப்பி வாங்கி வேறெங்காவது வைப்பது இன்னும் மோசம்.

இப்போதே போட்டால் பெடரல் பட்டியலில் எவ்வளவு பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது என்று பார்ப்போம். வீட்டில் 1,30,000-லிருந்து இருவருக்கும் சேர்த்து 63,150 போனால் 66,850. விற்கும் செலவு 7 சதவீதம், 36,400 கழித்தால் 30,450. சைட் 25,000. நகையில் 18,000-லிருந்து 4,250 போக 13,750. காரில் 5,975. ரொக்கம் 4,000. அப்பா 18,000. கூட்டினால் 97,175. இரண்டு ஒயில்ட்கார்டு 3,350-ஐக் கழித்தால் 93,825. இந்த நிலையில் சாப்டர் 7 போட்டால் வீட்டை விற்க ட்ரஸ்டிக்குத் தாராளமாகக் காரணம் கிடைக்கும்.

730 நாள் முடிந்து டெக்சாஸ் பட்டியலில் போட்டால் வீடு, நகை, கார் மூன்றும் பாதுகாப்புக்குள் வந்துவிடும். அப்பா பணம் ஒரு வருடத்தைத் தாண்டியிருக்கும். வெளியே நிற்பது சைட் 25,000, ரொக்கம் 4,000 மட்டும். அதே குடும்பம், அதே சொத்து. தேதி ஒன்றுதான் மாறுகிறது, வித்தியாசம் அறுபதாயிரத்துக்கு மேல்.

இடையில் சைட்டை விற்று அந்தப் பணத்தை மார்ட்கேஜ் அசலில் கொட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். கடன்காரரை ஏமாற்றும் நோக்கில் பாதுகாப்பில்லாத சொத்தை வீட்டுக்குள் மாற்றியது என்று தெரிந்தால், 10 வருடம் வரை பின்னால் போய் அந்தத் தொகைக்குப் பாதுகாப்பை மறுக்கலாம். டிஸ்சார்ஜும் ஆட்டம் காணும். மளிகை, மார்ட்கேஜ் தவணை, வக்கீல் ஃபீஸ் என்று வழக்கமான செலவுக்கு ரொக்கம் போவதில் தப்பில்லை, ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

சான்ஹோசே_கணக்கர்

காத்திருக்கச் சொல்வது சரி, ஆனால் மீன்ஸ் டெஸ்ட்டை (சாப்டர் 7-க்கான வருமானச் சோதனையை) யாரும் தொடவில்லையே.

மனு போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு முழுக் காலண்டர் மாதத்தின் வருமானத்தைக் கூட்டி, இரண்டால் பெருக்கி, டெக்சாஸில் நான்கு பேர் குடும்பத்தின் மீடியனோடு (இடைநிலை வருமானம்) ஒப்பிடுவார்கள். இதற்கு நியூஜெர்சி மீடியன் இல்லை, இப்போது இருக்கும் மாநிலம்தான். எண்கள் யுஎஸ் ட்ரஸ்டி (ட்ரஸ்டிகளை மேற்பார்வையிடும் அரசு அலுவலகம்) தளத்தில் இருக்கும், ஆண்டுக்கு ஓரிரு முறை மாறும், பழைய ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். ஜூனில் வந்த மூன்று மாதச் சம்பளம் ஜூன் வருமானமாகவே கணக்கில் ஏறும். அக்டோபரில் போட்டால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கணக்கு, ஜூன் உள்ளே. ஜனவரியில் போட்டால் ஜூலையிலிருந்துதான், ஜூன் வெளியே. காத்திருக்கும் காலத்தில் மாப்பிள்ளைக்குப் பழைய சம்பளத்தில் வேலை கிடைத்துவிட்டால் இந்த லாபம் அப்படியே திரும்பிவிடும். ஆறு மாதச் சராசரி மெதுவாகத்தான் ஏறும் என்பதால், புது வேலை தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குள் 730 நாளும் நிறைந்தால் அதிர்ஷ்டம். ஆனால் வருமானப் படிவமான ஷெட்யூல் ஐ-யில் இன்றைய சம்பளத்தை எழுத வேண்டும். மீன்ஸ் டெஸ்டில் தேறிவிட்டு மாதாமாதம் கையில் நிறைய மிஞ்சுகிறது என்று ஷெட்யூல்களில் தெரிந்தால், அதை வைத்தும் டிஸ்மிஸ் (மனுவை நிராகரிப்பது) கேட்பார்கள்.

மீடியனைத் தாண்டினால் உடனே தோல்வி என்று அர்த்தமில்லை. படிவம் 122ஏ-2-இல் மார்ட்கேஜ், கார் தவணை, வரி, மருத்துவக் காப்பீடு எல்லாம் கழியும். கழித்து மிஞ்சுவதை 60 மாதத்துக்குப் பெருக்கி 10,275-க்குக் கீழே வந்தால் பிரச்சினை இல்லை. 17,150-ஐத் தொட்டால் தவறான பயன்பாடு என்று எடுத்துக்கொள்வார்கள். இடையில் வந்தால் அந்தத் தொகை கடனில் கால் பங்கையாவது அடைக்குமா என்று பார்ப்பார்கள். கடனில் பாதிக்கு மேல் தொழில் கடன் என்றால் இந்தச் சோதனையே கிடையாது, ஆனால் இவர்களுடையது வீட்டுச் செலவுக் கார்டு.

மாநிலங்களை ஒப்பிட்டுக் கேட்டதால் ஒரு வரி: கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் பெடரல் பட்டியலை எடுக்கவே முடியாது. கலிபோர்னியாவில் இரண்டு மாநிலப் பட்டியல்களில் ஒன்றை எடுக்கலாம். ஃபுளோரிடாவில் நகரத்துக்குள் அரை ஏக்கர் வரை வீட்டுக்கு மதிப்பு வரம்பில்லை, வீட்டுச் சலுகையை எடுப்பவருக்கு மற்ற அசையும் சொத்தில் 1,000 டாலர் மட்டும். சலுகையைப் பார்த்து மாநிலம் மாற நினைப்பவர்களைத் தடுக்கத்தான் 730 நாள் விதியே வந்தது, 2005 திருத்தத்தில்.

வினோ_பிரிஸ்கோ

எல்லோருக்கும் நன்றி. கோர்ட்பக்கம் சார், சாப்டர் 13 (தவணைத் திட்டத்தில் கடன் கட்டும் மனு) போட்டால் இப்போதே வீட்டைக் காப்பாற்ற முடியாதா? செலவு பற்றியும் யாராவது சொல்லுங்கள். மஞ்சள் கடுதாசி கொடுக்கவே பணம் கேட்கிறார்களே!

கோர்ட்பக்கம்

முடியும், ஆனால் விலை இருக்கிறது. 13-இல் எதையும் விற்க மாட்டார்கள். பதிலுக்கு, சாப்டர் 7 போட்டிருந்தால் கடன்காரர்களுக்கு எவ்வளவு போயிருக்குமோ அதற்குக் குறையாமல் திட்டத்தில் கட்ட வேண்டும். மேலே போட்ட 93,825-ஐ 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 1,564 டாலர். அதன் மேல் ட்ரஸ்டி கமிஷன் 10 சதவீதம் வரை. கான்ட்ராக்ட் சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. முதல் தவணையை மனு போட்ட 30 நாளுக்குள் கட்ட வேண்டும், திட்டத்தை ஏற்கும்வரை காத்திருக்கக் கூடாது. 13 திட்டங்கள் பாதியில் விழுவது சகஜம். கடன் வரம்புக்குள் இவர்கள் இருக்கிறார்கள்: அடமானமில்லாத கடன் 5,26,700-க்குள், அடமானக் கடன் 15,80,125-க்குள்.

வீட்டுத் தவணை பாக்கி விழுந்து ஃபோர்குளோஷர் நோட்டீஸ் வந்திருந்தால் நானும் 13 என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படி இல்லாதபோது 730 நாள் வரை பொறுப்பது மேல்.

எடிசன்_மீனா

செலவுக்கு வருகிறேன். மாநிலத்துக்கு மாநிலம் கட்டணம் மாறாது, இது பெடரல் கோர்ட். சாப்டர் 7-க்கு எங்கும் 338 டாலர் (245, 78, 15 என்று மூன்று தலைப்பில்), சாப்டர் 13-க்கு 313. கணவன் மனைவி சேர்ந்து போட்டால் ஒரே கட்டணம். வருமானம் வறுமைக் கோட்டில் 150 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், 2025 கணக்குப்படி நான்கு பேருக்கு 48,225, படிவம் 103பி கொடுத்துத் தள்ளுபடி கேட்கலாம். இது 7-க்கு மட்டும். அதற்கு மேல் என்றால் 103ஏ கொடுத்து அதிகபட்சம் நான்கு தவணையில் 120 நாளுக்குள் கட்டலாம். தவணை தவறினால் கேஸ் டிஸ்மிஸ்.

மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது வக்கீல் ஃபீஸ்தான். எளிய சாப்டர் 7-க்குப் பெரும்பாலும் 1,200 முதல் 2,500 வரை கேட்பார்கள். வீடும் வெளிநாட்டுச் சொத்தும் இருந்தால் மேலே போகும். 7-இல் மனுவுக்கு முன்பே முழுதும் வாங்கிவிடுவார்கள், ஏனென்றால் பாக்கி வைத்தால் அந்தப் பாக்கியும் கரைந்துவிடும். அதைக் கார்டில் தேய்க்காதீர்கள். முன்கூட்டியே சொல்கிறேன், மனுவுக்கு முந்தைய 90 நாளுக்குள் ஒரே நிறுவனத்தின் கார்டில் 900-க்கு மேல் ஆடம்பரச் செலவு, 70 நாளுக்குள் 1,250-க்கு மேல் கேஷ் அட்வான்ஸ் எடுத்திருந்தால் அந்தக் கடன் தீராது என்று கார்டு கம்பெனி வாதாட வசதியாகிவிடும். குறைந்த காசில் படிவம் நிரப்பித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். தட்டச்சு மட்டும்தான் அவர்கள் செய்யலாம், எந்த எக்செம்ப்ஷன் எடுப்பது என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரமில்லை. உங்கள் கேஸில் மொத்த விஷயமே அதுதான்.

இரண்டு வகுப்பு கட்டாயம். மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் கிரெடிட் கவுன்சலிங், மனுவுக்குப் பிறகு பண நிர்வாக வகுப்பு. ஒவ்வொன்றும் 10 முதல் 50 டாலர், ஆன்லைனில் முடியும். கணவன் மனைவி இருவரும் தனித்தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். யுஎஸ் ட்ரஸ்டி ஒப்புதல் உள்ள நிறுவனமா, உங்கள் டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒப்புதல் உண்டா என்று பாருங்கள். முதல் வகுப்பு மனுவுக்கு மறுநாள் முடிந்தது என்றால்கூட டிஸ்மிஸ் ஆகும். இரண்டாவது சான்றிதழை 341 மீட்டிங்குக்குக் குறித்த முதல் தேதியிலிருந்து 60 நாளுக்குள் கொடுக்காவிட்டால் டிஸ்சார்ஜ் இல்லாமலே கேஸை மூடிவிடுவார்கள். திரும்பத் திறக்க 260 டாலர். விட்டுப்போன கடன்காரரைச் சேர்க்க 34.

341 மீட்டிங் இப்போது ஜூமில்தான், பத்து நிமிடம்கூட ஆகாது. போட்டோ ஐடி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கான ஆதாரம் வேண்டும். வரி ரிட்டர்ன் ஏழு நாள் முன்னதாகவே ட்ரஸ்டிக்குப் போயிருக்க வேண்டும். தங்கைக்கு ஆங்கிலத்தில் தயக்கம் என்றால் மொழிபெயர்ப்பாளர் இலவசம், முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க விடமாட்டார்கள்.

வினோ_பிரிஸ்கோ

காத்திருக்கிற பத்து மாதத்தில் கார்டு கம்பெனி கேஸ் போட்டால்? ஊரில் ஒரு பேங்க்கில் அப்பா ஜாமீன் போட்ட சின்ன லோனும் இருக்கிறது.

கோர்ட்பக்கம்

ஊர் லோனையும் பட்டியலில் எழுதுங்கள். ஆனால் இங்கே வரும் டிஸ்சார்ஜை இந்தியக் கோர்ட் தானாக ஏற்காது, ஜாமீன் போட்ட அப்பாவை பேங்க் கேட்கும். அதைத் தொடர்ந்து கட்டுவதா என்று மாப்பிள்ளை முடிவெடுக்கட்டும்.

கேஸ் விஷயத்தில் டெக்சாஸ் கடன்பட்டவருக்குச் சாதகம். கார்டு கடனுக்குச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. குழந்தை ஜீவனாம்சம், வரி, அரசுக் கல்விக்கடன் போன்றவற்றுக்குத்தான் பிடிப்பார்கள். குடியிருக்கும் வீட்டின் மேலும் தீர்ப்பு ஒட்டாது. ஆனால் சம்பளம் பேங்கில் விழுந்த பிறகு அது வெறும் ரொக்கம். தீர்ப்பு வாங்கியவர் கணக்கை முடக்கலாம். அதனால் கணக்கில் தேவைக்கு மேல் நிறுத்தாதீர்கள். பர்சனல் லோன் கொடுத்த பேங்க்கிலேயே சம்பளக் கணக்கு இருந்தால் இன்றே மாற்றுங்கள், அவர்கள் தீர்ப்புக்குக் காத்திருக்காமலே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வழி இருக்கும்.

சம்மன் வந்தால் மூலையில் போடாமல் பதில் கொடுக்க வேண்டும். 20,000 வரை ஜஸ்டிஸ் கோர்ட்டில் வரும், கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் பதில். அதற்கு மேல் கவுன்டி, டிஸ்ட்ரிக்ட் கோர்ட் என்றால் 20 நாள் கழித்து வரும் திங்கள் காலை 10 மணி. ஒரு பக்கத்தில் மறுப்பு எழுதிக் கொடுத்தாலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு நிற்கும், விசாரணை தேதிக்குச் சில மாதம் பிடிக்கும். அதற்குள் தீர்ப்பு நெருங்கினால் மட்டும் வக்கீலோடு உட்கார்ந்து 730-ஆம் நாளை மறுபடி எண்ணிப் பாருங்கள். டெக்சாஸுக்கு வந்த தேதிக்கு வீட்டுப் பத்திரம் போதாது. நியூஜெர்சி வீட்டை விற்ற நாள், மூவர்ஸ் பில், டிரைவர் லைசென்ஸ் மாற்றிய தேதி, இரண்டு மாநிலத்திலும் பகுதி ஆண்டு என்று காட்டிய வரி ரிட்டர்ன், இவை நான்கும் ஒரே மாதத்தைச் சொல்ல வேண்டும்.